மேரக்காயும் சாயோட்டேயும்: அரவேணுவில் ஒரு நாக்கைப் பற்றிய ஆய்வு

அயலூர்ப் பெயரிடின் அடுக்களைப் பண்டமும்
அமுதெனப் படுமே நாவி னோர்க்கே.

இது நூற்பா. தொல்காப்பியத்திலோ நன்னூலிலோ தேட வேண்டாம். போன செவ்வாய்க்கிழமை, அடுப்பில் ஏதோ கொதிக்கும் வாசனையில் நானே இயற்றியது. பழைய நூலாசிரியர்களுக்கு உரை எழுத வேறு ஆட்கள் கிடைத்தார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியனுக்கு யார் கிடைப்பார்கள்? ஆகவே உரையும் என்னுடையதே.

இதன் பொருள்: சொந்த வீட்டு அடுக்களையில் கிடக்கும்போது ஏறெடுத்தும் பாராத பண்டம், வேற்றூர்ப் பெயரோடு வந்து சேர்ந்தால் அமுதமாகிவிடும் என்றவாறு. 'நாவினோர்' என்று பன்மையில் கூறியது மரியாதை பற்றி. குறிக்கப்பட்டவன் ஒருவனே. அவன் என் அக்கா மகன்.

ஆய்வுக் களம் அரவேணு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் பேருந்தில் தூங்கிவிடாதவர்கள் கோத்தகிரிக்குக் கொஞ்சம் முன்னால் பார்க்கிற ஊர். கேத்தரின் அருவிக்குப் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். சுற்றிலும் தேயிலை, படுகர் ஹட்டிகள், நடுவே கடைவீதி, எல்லாவற்றின் மேலும் மூடுபனி. இந்த மூடுபனி ஆய்வின் பிற்பகுதியில் சாட்சியாக வரும். வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

ஆய்வுக்குரியவன் பிலிப்பைன்ஸின் டாவோ நகரில் ஆறு ஆண்டு மருத்துவம் படித்துத் திரும்பியவன். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் டாவோவுக்குப் படிக்கப் போவது இப்போது சேதியே இல்லை. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் எழுத வேண்டிய தகுதித் தேர்வுக்கு, 300க்கு 150 வாங்கியாக வேண்டிய அந்தத் தேர்வுக்கு, வீட்டிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறான். படிப்பு போக மிச்ச நேரத்தில் இரண்டு காரியம் செய்கிறான்: பிலிப்பினோ சமையல், ஜப்பான் பொம்மை. இதில் எது மிச்ச நேரம் என்பதில் அவனுக்கும் அக்காவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

வெளிநாட்டு நாக்கோடு இந்த மலைக்கு வந்த முதல் ஆள் இவனில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கத்தித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் நீலகிரி முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் இன்றும் ரொட்டியைப் பாண் என்பார்கள். தேங்காய்ச் சம்பல் இடித்தால் லைன் வீடுகள் முழுக்க மணக்கும். ஆனால் அது தலைமுறை தலைமுறையாய் உழைத்துப் பெற்ற நாக்கு. எங்கள் வீட்டில் இருப்பது கல்விக்கடனில் பெற்றது.

முதல் சோதனை சினிகாங். புளி கரைத்த தண்ணீரில் தக்காளி, வெங்காயம், முள்ளங்கி, தட்டைப்பயறுக் காய், மீன், கடைசியில் ஒரு பிடி வள்ளைக்கீரை. வள்ளைக்கீரைக்குக் கோத்தகிரி சந்தையில் எங்கே போவது? பாலக்கீரை போட்டான். அக்கா ஒரு கரண்டி மொண்டு உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினாள்.

"ஏண்டா, தாளிக்க மறந்துட்டியா?"

"இதுக்குத் தாளிப்பே கிடையாதும்மா."

"அப்ப ரசத்துல மீன் விழுந்துருச்சுன்னு சொல்லு."

இவ்விடத்து ஓர் ஐயம் எழும். சினிகாங் ரசமா, புளிக்குழம்பா? ரசம் என்பாரை மறுக்கிறோம். என்னை? பருப்புத் தண்ணீர் இல்லை. மிளகும் சீரகமும் இல்லை. புளிக்குழம்பு என்பாரையும் மறுக்கிறோம். மல்லித்தூள் இல்லை; மேலே எண்ணெய் மிதக்கவில்லை. அற்றாயின் அது என்னோ எனின், சோற்றோடு சேரப் பிறந்த ஒரு புளிப்பு என்று மட்டும் கூறி அமைவோம். பிலிப்பைன்ஸ் உணவைப் பற்றி நிறைய எழுதிய டோரீன் ஃபெர்னாண்டஸ், 'ஏன் சினிகாங்?' என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். என் அக்கா கேட்டதும் அதே கேள்விதான். தொனி மட்டும் வேறு. அங்கே புளியோடு நிற்பதில்லையாம். மாங்காய், பிலிம்பிக்காய், பழுத்த கொய்யா என்று ஊரில் புளிக்கிற எதையும் விடாமல் போட்டு வைப்பார்களாம். கொய்யாப்பழத்தில் ரசம் வைக்கலாம் என்று இத்தனை வருஷமாக நமக்குத் தோன்றவில்லையே என்று அன்றிரவு எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

இரண்டாம் சோதனை தினோலா. நூற்பா பிறந்தது இங்கேதான்.

தினோலா என்பது இஞ்சி போட்ட கோழிச்சாறு. 1887இல் வெளிவந்த ஹோசே ரிசாலின் 'நோலி மே தாங்கரே' நாவலில் இது ஒரு முக்கியப் பாத்திரம் என்றே சொல்லலாம். விருந்தில் நாயகன் தட்டில் நல்ல கறியும், பாதிரியார் தட்டில் கழுத்தும் முரட்டு இறக்கையும் விழ, அவர் கோபம் அங்கிருந்தே தொடங்குகிறது. கறிவேப்பிலை எண்ணிப் பரிமாறும் சம்பந்தி வீடுகளைப் பார்த்த நமக்கு இதில் வியப்பு இல்லை. கோழியோடு பச்சைப் பப்பாளி போடலாம். அது இல்லாவிட்டால் சாயோட்டே போடலாம். அக்கா மகன் சாயோட்டே கட்சி.

சாயோட்டே என்பது மேரக்காய்.

சமவெளிக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சௌசௌ என்பதும் பெங்களூர்க் கத்தரிக்காய் என்பதும் நீலகிரியில் மேரக்காய். உள்ளே ஒரே ஒரு விதை. அந்த விதை காய்க்குள்ளேயே முளைத்துவிடும். அதனால் விதையைத் தனியே எடுத்து நடுவதில்லை, முழுக்காயையும் மண்ணில் வைத்துவிட வேண்டும். தோல் சீவும்போது வரும் பால் கையில் காய்ந்து இன்னொரு தோலாகிவிடும்; விவரம் தெரிந்தவர்கள் தண்ணீருக்குள் வைத்துச் சீவுவார்கள். ஒரு கொடி ஏறிவிட்டால் பந்தல் தாங்காது. காய்க்கிற காலத்தில் இங்கே மேரக்காயை யாரும் யாருக்கும் கையில் கொடுப்பதில்லை. வாங்க மறுத்துவிடுவார்கள் என்ற பயம். விடிவதற்குள் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் வீட்டு வாசலிலும் அதே பை இருக்கும்.

இந்த மேரக்காயை அக்கா மகன் ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை தின்றதில்லை. பொரியலாக வைத்தால் தட்டின் ஓரத்தில் மதில் கட்டுவான். கூட்டாக வைத்தால் பருப்பை மட்டும் வழித்துக்கொள்வான். சாம்பாரில் போட்டால் உருளைக்கிழங்கு என்று அவனை நம்ப வைக்க அக்கா பாடுபடுவாள். டாவோவுக்குப் போன இரண்டாம் மாதம், வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா கொடுத்த கிண்ணத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். கீழே ஒரு வரி: சாயோட்டேன்னு ஒரு காய், அமிர்தம். அக்கா பதில் எழுதவில்லை, நேரே போன் செய்தாள்.

"அடப்பாவி, அது மேரக்காய்டா."

"இல்லம்மா, இது வேற. இங்க மலையில விளையறது."

"இங்க மட்டும் என்ன கடல்லயா விளையுது?"

ஆய்வுலகில் இத்தனை சுருக்கமான மறுப்பை நான் கண்டதில்லை. அங்கே இந்தக் காய்க்குப் பேர்போன மலை பெங்கெட். அதன் நடுவே பகியோ நகரம். மணிலா வெயில் தாங்காத அமெரிக்கர்கள் அமைத்த கோடைத் தலைநகர். நகரத் திட்டம் 1905இல் டேனியல் பர்ன்ஹாம் போட்டுக் கொடுத்தது. இங்கே 1819இல் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிக்கு ஏறிவந்த கதையை ஊட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துரைமார் வியர்த்த இடத்திலெல்லாம் ஒரு மலை கிடைத்தது. மலை கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு மேரக்காய்ப் பந்தலும் வந்தது. காயின் சொந்த ஊரோ மெக்சிகோ பக்கம். சாயோட்டே என்ற பெயரே அங்கத்திய நவாத்தல் மொழிச் சொல்லிலிருந்து ஸ்பானியர் எடுத்துக்கொண்டது. 1565 முதல் 1815 வரை அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய அவர்களுடைய கப்பல்களில் மிளகாய் மட்டுமா வந்திருக்கும்?

தினோலாவில் கடைசியாகத் தூவும் கீரைக்கு அங்கே பெயர் மலுங்கை. வாசகர் இதை இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்க்கவும். நம் முருங்கைதான். ஆங்கிலத்தின் மொரிங்காவே நம் முருங்கையிலிருந்து போனது எனும்போது, மலுங்கைக்கு நான் தனியாக வாதாடப் போவதில்லை. இன்னொன்று: அங்கே மூங்கில் குழாயில் மாவை அடைத்து அவித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய விடிகாலைப் பூசை முடிந்து வருகிறவர்களுக்குத் தேங்காய்த் துருவலோடு விற்பார்கள். அதன் பெயர் புட்டோ பும்போங். பும்போங் என்றால் மூங்கில் குழாய். புட்டோ என்றால் என்ன என்று கேட்கிற தமிழர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் காரணம் நாமே என்று நிறுவ எனக்கு ஆசை. ஆதாரமும் ஒன்று உண்டு. 1762 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஆங்கிலேயக் கப்பற்படை ஒன்று மணிலாவைப் பிடிக்கப் புறப்பட்டது. தரைப்படைத் தளபதி வில்லியம் டிரேப்பர்; படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. 1764இல் ஆங்கிலேயர் கிளம்பியபோது சிப்பாய்களில் சிலர் கிளம்பவில்லை. கைந்தா என்ற ஊர்ப் பக்கம் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். மாட்டுவாலை வேர்க்கடலைச் சாற்றில் வேகவைக்கும் 'கரே-கரே' அவர்கள் வைத்த கறியின் வாரிசு என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதைதான். ஆனால் சிப்பாய் போனது கதையில்லை; சம்பளம் சரியாக வராத ஊருக்குத் திரும்புவதைவிட நல்ல சாப்பாடு போடும் மாமியார் வீடு மேல் என்று ஒருவன் முடிவெடுத்திருந்தால் அதில் தவறு காண நான் யார்?

மற்றப் பண்டங்களைச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். இறால் ஊறிய பகோவோங் என்னும் சாந்தின் மூடியைத் திறந்த அன்று, பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா வந்து, "ஏனுங்க, எலி கிலி செத்துருச்சுங்களா?" என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனார். வாழைப்பழக் கெட்ச்அப் எனக்குப் பிடித்தது. அதைக் கண்டுபிடித்தவராகப் போற்றப்படும் மரியா ஒரோசா 1945 மணிலாப் போரில் உயிர்விட்டவர் என்று அறிந்தபின் அந்தப் புட்டியை அலட்சியமாக வைப்பதில்லை. பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பது அருமை. அந்த ருசியில் அவனுக்குப் பங்காளிகள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பலா பழுக்கும் காலத்தில் குஞ்சப்பனை ரோட்டில் இறங்கும் யானைகள்.

இனி ஜப்பான்.

இவனுக்கு ஜப்பான் பைத்தியம் ஜப்பானில் பிடித்ததன்று. விதை சிறுவயதில் தமிழ் பேசிய பொம்மைப் படங்களில் விழுந்தது. ஷின்சான் தமிழில் பெரியவர்களை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முளைத்தது டாவோவில். அந்த ஊருக்கும் ஜப்பானுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1907இலேயே ஓட்டா க்யோசபுரோ என்பவர் அங்கே கம்பெனி தொடங்கி அபாக்கா நார்த் தோட்டம் போட்டார். போருக்கு முன் பல்லாயிரம் ஜப்பானியர் அங்கே தோட்டக்காரர்களாக இருந்தார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களின் ரோபோ பக்தி இன்னும் சுவையானது. 'வோல்டஸ் ஃபைவ்' என்ற ஜப்பானிய ரோபோத் தொடர் 1978இல் அங்கே ஒளிபரப்பாகி, பிள்ளைகள் பைத்தியமாகத் திரிந்தபோது, 1979இல் கடைசிச் சில பகுதிகள் மிச்சம் இருக்கையிலேயே அதிபர் மார்கோஸ் தடைசெய்தார். முடிவு என்ன என்று தெரியாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அவன் வீட்டுக்காரம்மா அந்தத் தலைமுறை. 2023இல் அதையே மனிதர்கள் நடிக்கும் தொடராக எடுத்தபோது தினமும் டிவி முன்னால் உட்கார்ந்து கண் துடைத்துக்கொண்டாராம். மெகா சீரியலின் கடைசி வாரத்தில் கரண்ட் போன வீடுகளுக்கு இந்த வேதனை புரியும்.

அங்கிருந்து இவன் கற்று வந்தது கண்டம். 1979இல் வந்த ஜப்பானிய ரோபோத் தொடர்; பார்ப்பார் குறைந்து 43 பகுதிகளோடு நிறுத்தப்பட்டது. 1980 ஜூலையில் அதே ரோபோவை ஒட்டிச் சேர்க்கும் பொம்மையாக 300 யென்னுக்கு விட்டார்கள். தொடரைக் காப்பாற்றியதே பொம்மைதான். கதைப்படி 18 மீட்டர் உயரம். 144இல் ஒரு பங்கு அளவில் செய்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். பெயரைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இவனுக்கு இருபத்தஞ்சு வயசுல ஒரு கண்டம் இருக்குன்னு ஜோசியர் சொன்னாரு. தபால்ல வரும்னு சொல்லல."

கண்டத்தின் மதிப்பை அளக்க அக்கா ஓர் அலகு வைத்திருக்கிறாள். போன மாதம் வந்த பெட்டி 2,000 ரூபாய். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய் போகிற நாளில் அது 100 கிலோ இலை. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ இலை என்பது ஃபேக்டரிக் கணக்கு. ஆகவே ஒரு கண்டம் ஏறத்தாழ 22 கிலோ தேயிலைத்தூள். "ஒரு வருஷத்துக்கு ஊருக்கே டீ போடலாம்டா" என்பாள்.

மூடுபனியின் சாட்சியத்துக்கு வருவோம். பொம்மையைச் சேர்த்து முடித்ததும் மினுமினுப்பு அடங்க ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தப் பூச்சு வெளுத்துவிடும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அரவேணுவில் ஈரம் இல்லாத காற்றுக்கு எங்கே போக? நவம்பர் மாதத்து மாலையில் திண்ணையில் வைத்து அடித்தான். மறுநாள் காலை அந்த யுத்த ரோபோ, உடம்பெல்லாம் விபூதி பூசிய பழனியாண்டி மாதிரி நின்றது. அக்கா அதை எடுத்துப்போய்ச் சாமி ஷெல்ஃபில் வைத்துவிட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசிச் சான்று நிப்பர். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உறுப்புகளை நறுக்கி எடுக்கும் ஜப்பான் இடுக்கி அது. ஒரு பக்கம் மட்டும் கூர். பிளாஸ்டிக்கை வெண்ணெய் போல வெட்டும், உலோகத்தில் பட்டால் போச்சு. போன வாரம் மழைக்கு மேரக்காய்ப் பந்தல் ஒரு பக்கம் சரிந்தது. குறடு கிடைக்கவில்லை. அக்கா கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டுக்கம்பியை நறுக் நறுக் என்று ஏழெட்டு இடத்தில் வெட்டி, பந்தலை நிமிர்த்திக் கட்டிவிட்டு, நிப்பரை இருந்த இடத்தில் வைத்துவிட்டாள். அன்று மாலை அவன் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தான். கூர் நெடுக ரம்பப் பல்போலப் பொக்கை. சிலிர்த்துக்கொண்டு சண்டைக்குப் போவான் என்று நினைத்தேன். கொடியைப் பார்த்தான். காய் பறித்தான். தினோலாவுக்கு இஞ்சி நறுக்க உட்கார்ந்தான்.

அவனைச் சமாதானப்படுத்த ஒரு செய்தி சொன்னேன். 1917இல் இந்தக் காய் ஜப்பானுக்கும் போய்ச் சேர்ந்தது. முதலில் இறங்கிய இடம் தெற்கே ககோஷிமா. அங்கத்தியப் பழங்குடியினரின் பெயரை வைத்து 'ஹயாட்டோ உரி' என்கிறார்கள். உரி என்றால் வெள்ளரி, சுரை இனம். கண் விரிந்தது. "மாமா, ஜப்பான்ல அதை எப்படிச் சமைப்பாங்க?" என்றான். ஊறுகாய் போடுவார்கள் என்றேன். நாளை ஹயாட்டோ உரி ஊறுகாய் போடப் போகிறானாம். அக்கா போன வருஷம் போட்ட மேரக்காய் ஊறுகாய் ஜாடி அலமாரியின் மேல் தட்டில் அப்படியே இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவது ஆய்வு நெறிக்கு மாறானது என்று நான் வாயைத் திறக்கவில்லை.

நூற்பாவுக்கு இன்னும் உரை உண்டு, இடமில்லை. வாசகர்களில் யாரேனும் இந்த வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி பஸ் ஏறுவதாக இருந்தால், இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்து அரவேணு ஸ்டாப்பில் தந்துவிட்டுப் போகவும். இந்தக் குளிரில் இங்கே மரம் தழைப்பதில்லை. மேரக்காய் வேண்டாம். திரும்பும்போது ஒரு பை தருகிறோம், மறுக்கக் கூடாது.