டெஸ்டர் எரியுது, ஃபேன் முறைக்குது

கேள்வி: சீலிங் ஃபேன் சுற்றவில்லை. டெஸ்டர் எரிகிறது; ஆக, கரண்ட் இருக்கிறது. கெபாசிட்டரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். மல்டிமீட்டர் வாங்கித்தான் ஆகணுமா?
– வாசகர், தியாகதுருகம்

பதில்: உங்களூர் மலைக்கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டபோதுகூட முதலில் ஒற்றனைத்தான் அனுப்பியிருப்பார்கள். நீங்கள் எடுத்ததுமே பீரங்கியை உருட்டுகிறீர்கள்!

டெஸ்டர் பொய் சொல்லாது. பாதி சாட்சிதான் சொல்லும். ஃபேஸ் வருகிறதா என்பதோடு அதன் வேலை முடிந்தது. நியூட்ரல் அறுந்திருந்தால், ஸ்விட்சைப் போட்டதும் ஃபேனுக்குப் போகும் இரண்டு ஒயரிலும் ஜம்மென்று எரியும். மோட்டாரின் காயில் வழியாக அந்தப் பக்கமும் ஃபேஸ் எட்டிப் பார்க்கும். ரெகுலேட்டரை முழுசாகத் திருப்பி, இரண்டு ஒயருக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். காட்டவில்லையா? ஃபேன் நிரபராதி. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இரண்டு கெபாசிட்டர் காசுக்கு ஒரு சின்ன மீட்டரே வந்திருக்கும். வாங்கினால் அலமாரியில் தூங்கவிடாதீர்கள். என்னுடையது அங்கேதான் வருஷக்கணக்காகக் கிடந்தது. அவசரத்துக்கு எடுத்தால் பேட்டரி செத்திருந்தது. அதைச் சோதிக்கப் பக்கத்து வீட்டில் மீட்டர் கேட்டேன்.