நப்பாசை இயல்

ஆசை, பேராசை, நிராசை ஆகிய மூன்றையும் பற்றி அறநூலார் வேண்டிய மட்டும் பேசிவிட்டனர். நப்பாசையைத்தான் எவரும் சீண்டவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. நப்பாசையாவது யாதோ எனின், நடக்காது என்று அறிவு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகும், நடந்துவிடாதா என்று மனம் திண்ணையை விட்டு எழாமல் உட்கார்ந்திருப்பது. லாட்டரிச் சீட்டு, இடைத்தேர்தல், மாப்பிள்ளை வீட்டார் பதில் என்று அதன் களம் பரந்தது. விரிவஞ்சி, டென்னிஸில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டத்துக்கு வாய்ப்பே இல்லாதவரை ஆதரிப்போரின் உள்ளத்தோடு இங்கு எல்லை கட்டப்படுகிறது. ஆய்வின் துணிபு இது: தோற்கிறவரை நப்பாசைக்குச் செலவே இல்லை, வெற்றி பக்கத்தில் வரும்போதுதான் அது விலை கேட்கும். எழுத்துகள் புணர்கையில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் சொல்வர் இலக்கணிகள். நப்பாசைக்கும் அவை மூன்றே.

முதலில் தோன்றல். கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர் இறங்குகிறார்கள். 7 சுற்றும் வென்றவருக்கே கோப்பை. மற்ற 127 பேரும் தோற்றே ஊர் திரும்புகிறார்கள். ஆக, ஆதரவு என்பதே அடிப்படையில் துக்கத்துக்குச் சீட்டு எடுப்பதுதான். எந்த வகுப்பில் பயணம் என்பது மட்டுமே கேள்வி. ஃபெடரர் 20, நடால் 22, ஜோகோவிச் 24 என மூவர் மட்டும் 66 கோப்பைகளை அள்ளிப்போனார்கள். அவர்களின் ரசிகர்கள் இன்பத்தில் மிதந்திருப்பார்கள் என்று எண்ணுவது பிழை. என்னை? எதிர்பார்த்த வெற்றி, வரவேண்டிய வாடகை போன்றது; வந்தால் கணக்கு சரி, வராவிட்டால் வயிற்றெரிச்சல். நப்பாசைக்காரருக்கோ முதல் செட் கிடைத்தாலே தீபாவளி, இரண்டாம் சுற்று என்றால் பொங்கலும் சேர்ந்துகொள்ளும். மூன்றாம் நாள் ஆள் தோற்றுவிட்டால், ‘நினைத்ததுதான்’ என்று ஒரு சொல். இரவுச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

‘ஓர் ஆட்டத்தை வெல்லப் பத்தில் ஒரு வாய்ப்பு உள்ளவர், ஏழையும் வெல்லக் கோடியில் ஒரு வாய்ப்பே உண்டு, இது மூடத்தனம் அன்றோ’ எனின், அன்று. கணக்கு சரி, ஆட்டத்தின் விதியைத்தான் அது பார்க்கவில்லை. டென்னிஸுக்குக் கடிகாரம் கிடையாது. முன்னிலையில் இருப்பவர் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்ட முடியாது. கடைசிப் புள்ளியையும் அவரே ஆடி எடுத்தாக வேண்டும். 2004 பிரெஞ்சு ஓபன் இறுதியில் காஸ்டன் காடியோ முதல் இரு செட்களையும் 0-6, 3-6 என்று இழந்தார். எதிரே நின்ற கொரியாவுக்குக் கால் பிடித்துக்கொண்டது; ஐந்தாம் செட்டில் கோப்பைக்கான இரண்டு புள்ளிகள் அவர் கையில் வந்து நழுவின; 8-6 என்று காடியோ முடித்தார். 1976 ஆஸ்திரேலிய ஓபனை வென்ற மார்க் எட்மண்ட்சனின் தரவரிசை 212. இத்தகைய சான்று பத்தாண்டுக்கு ஒன்று கிடைத்தால் போதும்; நப்பாசை உயிர் வாழும். அதற்குத் தீனி மிகக் குறைவு.

இனித் திரிதல். நப்பாசை ‘நப்’ கெட்டு ஆசையாக மாறும் அபாயக் கட்டம் இது. 1981 விம்பிள்டன் காலிறுதியில் சென்னையின் விஜய் அமிர்தராஜ், ஜிம்மி கானர்ஸுக்கு எதிராக 6-2, 7-5 என முதல் இரு செட்களையும் எடுத்தார். அதுவரை செலவில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நிமிடமே முதலீட்டாளர் ஆனார்கள். அடுத்த மூன்று செட்களில் முதல் போயிற்று. வென்றாலும் வாதை தப்பாது. 2001 விம்பிள்டனில் தரவரிசை 125இல் இருந்த கோரன் இவானிசெவிச், வைல்டு கார்டு தயவில் உள்ளே வந்தவர். ஏற்கெனவே மூன்று இறுதிகளில் தோற்றவர். இந்த இறுதியிலும் ஐந்தாம் செட்டில் 8-7. சர்வீஸ் அவர் கையில். கோப்பைக்கான முதல் புள்ளியில் டபுள் ஃபால்ட். இரண்டாவதிலும் டபுள் ஃபால்ட். மூன்றாவதில் எதிராளி ராஃப்டர் தலைக்கு மேலே தூக்கியடித்துப் பறித்தார். நான்காவதில் ராஃப்டரின் பந்து வலையில் விழுந்தது. அந்தச் சில நிமிடங்களில் ஆதரவாளர் நெஞ்சு பட்ட பாட்டை, முதல் சுற்றுத் தோல்வி நூறு சேர்ந்தாலும் தந்திராது.

‘பெரியவர் விழுவதைப் பார்க்கும் பொறாமையே இது’ என்பாரும் உளர். 2015 அமெரிக்க ஓபன் அரையிறுதி அவர்களுக்கு விடை. ஒரே ஆண்டில் நான்கு பட்டமும் வெல்ல இரண்டே ஆட்டம் பாக்கி வைத்திருந்த செரீனாவை ராபர்ட்டா வின்சி வீழ்த்தினார். மைதானத்திலேயே கூட்டத்திடம் மன்னிப்பும் கேட்டார். பொறாமைக்காரருக்கு அன்றே காரியம் முடிந்தது. நப்பாசைக்காரரோ மறுநாள் இறுதிக்கும் வந்து உட்கார்ந்து, அங்கே எதிராளி பென்னெட்டாவும் வின்சியைப் போலவே ஒரு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டமும் இல்லாதவர் என்று கண்டு, யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் திண்டாடினார்.

கடைசியாகக் கெடுதல். 2021 அமெரிக்க ஓபனுக்குத் தகுதிச் சுற்று ஆட வந்த எம்மா ராடுகானு, அது முடிந்ததும் ஊர் திரும்ப விமானச் சீட்டு எடுத்து வைத்திருந்தார். தரவரிசை 150. பத்து ஆட்டம் ஆடி, ஒரு செட்டும் இழக்காமல் கோப்பையை வாங்கினார். நப்பாசை முழுமையாக நிறைவேறியது, அதாவது, தீர்ந்தது. மறு ஆண்டு அவர் வந்தபோது நடப்புச் சாம்பியன். போட்டித் தரநிலை 11. முதல் சுற்றில் வலைக்கு அந்தப் பக்கம் அலிசே கார்னே, 60க்கும் மேற்பட்ட கிராண்ட்ஸ்லாம்களில் ஆடியும் ஒற்றையர் பட்டம் ஒன்றும் பெறாதவர். கார்னே வென்றார். உண்மையான நப்பாசைக்காரர் அன்று யார் பக்கம் இருந்தார் என்பதை இவ்வளவு தூரம் படித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.