குடித்தனக்காரர்களின் ஆட்சேபணை

அமெரிக்காவில் பழைய தெருக்களில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. உளுத்துப்போன மரப்பலகைச் சுவரை உரித்துவிட்டு, மலிவாகக் கிடைக்கும் வினைல் பலகையை அடிக்கலாம் என்று பார்ப்பார்கள். உடனே பாரம்பரியக் கமிட்டி வந்து நிற்கும்: "தொடாதே, இது சரித்திரம்." வீட்டுக்காரர் விடமாட்டார்: "சரித்திரத்துக்குக் கரையான் மருந்து நீங்களா அடிப்பீர்கள்?"

அந்தமான் தீவில் உள்ள போர்ட் பிளேரில் இதே சண்டை தலைகீழாக நடந்தது. (ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அதற்குச் சுவர் எதையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதில் நிம்மதி.) இங்கே இடித்தது அரசாங்கம். தொடாதே என்று குதித்தவர்கள், முன்பு அங்கே குடியிருந்தவர்கள். கட்டடம்: செல்லுலார் ஜெயில்.

1896-இல் வேலை ஆரம்பித்து 1906-இல் முடிந்தது. கூலி மிச்சம், கைதிகளே கட்டினார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதைச் சுற்றி மூன்று மாடியில் ஏழு சிறகுகள், எழுநூறுக்குச் சற்றுக் குறைவான அறைகள். ஆளுக்கொரு தனி அறை, எதிர்வீட்டுத் தொல்லை அறவே கிடையாது. ஒரு சிறகின் முகம் அடுத்த சிறகின் முதுகைத்தான் பார்க்கும். தாழ்ப்பாள் வெளியே, கம்பிக்குள்ளிருந்து கை நீட்டினாலும் எட்டாத இடத்தில் சுவருக்குள் புதைந்திருக்கும். வாடகை தேங்காய் எண்ணெயாக: செக்கில் மாட்டுக்குப் பதிலாகச் சுற்றி, நாளுக்கு முப்பது ராத்தல். கோவை ஜெயிலில் வ.உ.சி. இழுத்தாரே, அதன் பங்காளிச் செக்கு.

1933-இல் குடித்தனக்காரர்கள் சாப்பாடு சரியில்லை, விளக்கில்லை, படிக்க ஒன்றுமில்லை என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். பலவந்தமாக உணவு புகட்டியதில் மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நமதாஸ் இறந்துபோனார்கள். 1937-இல் மறுபடி உண்ணாவிரதம்; அதைத் தொடர்ந்து அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

1941-இல் நிலநடுக்கம் கட்டடத்தை ஒரு உலுக்கு உலுக்கியது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தில் இரண்டு சிறகுகள் போயின. பிறகு சுதந்திரம் வந்தது. இன்னும் இரண்டு போயின! வெள்ளைக்காரன் கட்டியதை எதிரிப் படைக்குச் சமமாக நாமும் இடித்திருக்கிறோம், பாரபட்சம் இல்லை.

1963-இல் ஜெயில் வளாகத்திலேயே கோவிந்த் வல்லப் பந்த் ஆஸ்பத்திரி எழுந்தது. தீவுக்கு ஆஸ்பத்திரி அவசியந்தான். பிரசவ வலி எடுத்தவளிடம் போய்ச் சரித்திரம் பேச முடியாது. ஆனால் பெயரைப் பாருங்கள். பந்த் நேருவோடு அகமத்நகர் கோட்டையில் அடைபட்டிருந்தவர். அந்தக் கோட்டை இன்னும் முழுசாக நிற்கிறது.

சட்டத்தைக் காட்டித் தடுத்திருக்கலாமே என்றால், 1958-இன் தொல்சின்னச் சட்டத்துக்குக் குறைந்தது நூறு வயது வேண்டும். ஜெயிலுக்கு அப்போது ஐம்பத்தேழு. முதியோர் பென்ஷன் வரிசையில் நின்றிருந்தால்கூடத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆகவே பழைய கைதிகளே கிளம்பினார்கள். உலகத்தில் எந்த வாடகைக்காரனும், தன்னை அடித்து உதைத்த வீட்டின் செங்கல்லைக் காப்பாற்ற மனுப்போட்டதாகத் தெரியவில்லை. இவர்கள் போட்டார்கள். சுவர் போய்விட்டால், அடி வாங்கியதற்குச் சாட்சி யார் என்பது அவர்கள் கேள்வி. இழுபறி ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் ஜெயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். அவரும் நெருக்கடி நிலையில் காவலில் இருந்துவிட்டு வந்தவர். குடித்தன வழக்குக்கு அனுபவஸ்தரான நீதிபதி கிடைப்பது அபூர்வம்.

மிஞ்சியவை மூன்று சிறகுகளும் கோபுரமும். இன்று அந்தப் பக்கம் போனால் டிக்கெட், இந்தப் பக்கம் போனால் ஓ.பி. சீட்டு.