விடுதி நிர்ணய விசாரம்

காணாத பொருளைப் பற்றி நிச்சயமான அறிவு பெறுவது எப்படி என்று ஆராய்வதற்கு நம் முன்னோர் ஒரு சாஸ்திரமே செய்து வைத்தார்கள். ஆன்மா உண்டா, ஈசுவரன் உண்டா, மறுமை உண்டா என்ற கேள்விகளைத் தீர்ப்பதற்கென்று அவர்கள் தீட்டி வைத்த அந்தக் கருவியை, மே மாதத்தில் கொடைக்கானலில் இரண்டு குழந்தைகளோடு தங்கத் தகுந்த அறை எது என்ற கேள்வியின் மேல் எவரும் பிரயோகித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சேலையூரில், கேம்ப் ரோடு சந்திப்பின் ஹாரன் ஓசை இரவு 11 மணிக்கும் அடங்காத ஒரு வீட்டு மொட்டைமாடியில் அமர்ந்து, இரண்டு மாத காலம் அந்தக் குறையைப் போக்க முயன்றேன். வழிகாட்டக்கூடிய முன்மாதிரி ஊரில் இல்லை. சேலையூர் என்ற பெயரைத் தாங்கிய கீர்த்தி பெற்ற தங்குமிடம் ஒன்று உண்டென்றால், அது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபின் அமைந்த மாணவர் இல்லங்களுள் ஒன்றான சேலையூர் ஹால்தான். அங்கே இடம் பெறுவதற்குப் பட்ட வகுப்பில் சேர வேண்டும் என்பதால், 7 வயதான என் மகளுக்கும் 11 வயதான என் மகனுக்கும் அது தற்சமயம் உபயோகப்படாது.

எந்த விசாரத்திலும் முதலில் லட்சணம் கூற வேண்டும். விடுதி என்பது பிரயாணி தன் மூட்டையை இறக்கிவிடும் இடம் என்பர் ஒரு சாரார். பகல் 11 மணி அடித்ததும், தலை துவட்டி முடிந்ததோ இல்லையோ, நம்மை வெளியே விடும் இடம் என்று பொருள் கொள்வதே அனுபவத்துக்கு இசைந்தது. இதைவிடச் சிக்கலானது குழந்தையின் லட்சணம். 5 வயது நிரம்பாதவருக்கு ரயில்வே டிக்கெட் கேட்பதில்லை. 5 வயது முதல் 12 வயதுக்குள் இருப்பவருக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணமும், வேண்டுமென்றால், 2016 ஏப்ரல் 21 முதல், முழுக் கட்டணமும் விதித்திருக்கிறது. விடுதிக்காரர்களோ இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் உடன்படாத ஆறு தரிசனங்களாகப் பிரிந்து, ஒருவர் 5 வயதோடும், அடுத்தவர் 8 வயதோடும், இன்னொருவர் 10 வயதோடும் பிள்ளைப் பருவத்தை முடித்துவிடுகிறார்கள். ஆகவே என் மகள் ஒருத்தியே தாம்பரம் நிலையத்தில் படுக்கைக்கு உரிய பெரியவளாகவும், ஏரிக்கரை விடுதியில் கணக்கில் வராத சிசுவாகவும், அதற்கு மேல் தெருவில் உள்ள விடுதியில் ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்னும் தண்டனைக்கு ஆளானவளாகவும் தோன்றினாள். ஒரே வஸ்து உபாதி பேதத்தால் பலவாகத் தோன்றும் என்று அத்வைதிகள் சொல்வது இதைத்தான் போலும். எக்ஸ்ட்ரா பெட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அதற்குரிய கட்டணம் சத்தியம், கட்டில் மித்தை. இரவு 10 மணிக்கு ரூம் பாய் தோளில் சுமந்து வந்து தரையில் உருட்டிவிடும் மெத்தைக்கே அந்தப் பெயர்.

பிள்ளைகளோடு வருகிற பிரயாணியைப் பற்றி இந்த நாட்டில் எவருமே நிதானமாகச் சிந்தித்ததில்லை என்று சொல்வது அபவாதம். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, தம் சத்திரங்களில் நடக்கும் தருமங்களை 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு ஒரு கடிதத்தில் விவரித்திருக்கிறார். வருவோர் எவராயினும் அன்னம் உண்டு. கைக்குழந்தைகளுக்குப் பால் உண்டு. கர்ப்பிணிகளுக்குத் தனி கவனிப்பு உண்டு, சத்திரத்திலேயே பிரசவம் நேர்ந்தால் அந்தச் செலவும் சத்திரத்தைச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் எவரேனும் இருந்தால் வரலாம் என்று கூவி அழைப்பார்கள். இரவு 9.40க்கு, பசியால் அழும் ஒரு பெண்பிள்ளைக்காக ஒரே ஒரு தோசை கேட்டு, ‘கிச்சன் குளோஸ் சார்’ என்ற வாக்கியத்தைப் பெற்றுத் திரும்பியவன் என்ற முறையில், அந்த மணியோசையை நான் பல இரவுகள் நினைத்துக் கொண்டதுண்டு.

கொடைக்கானலைத் தேர்ந்ததற்கும் சரித்திர நியாயம் உண்டு. மதுரைச் சமவெளியில் காய்ச்சலாலும் காலராவாலும் தம் குடும்பங்களை இழந்துகொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், இனிப் பொறுப்பதற்கில்லை என்று மலையேறி, 1845இல் அங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள்; ஏரி வந்தது அதற்குப் பின்னால், 1863இல், லெவிஞ்சு என்ற கலெக்டரின் முயற்சியால். அதாவது, ஊர் ஏற்பட்டு அதன்பின் விடுதி ஏற்படுவது உலக வழக்கமாயிருக்க, கொடைக்கானலிலோ குடும்பத்தோடு தங்குவதற்கான வீடு முதலில் ஏற்பட்டு, அதற்குத் துணையாகவே ஊர் ஏற்பட்டது. அறை கிடைக்காவிட்டால் கட்டிக்கொள்வது என்ற இந்த உபாயம் தர்க்கத்துக்கு மிகவும் உகந்ததாயினும் என் போனஸ் தொகைக்கு உகந்ததாயில்லை. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் போனதுபோல் ஒரு ரசிகரின் விருந்தாளியாகப் போவது மற்றோர் உபாயம். எனக்கு மலைமேல் தெரிந்த ரசிகர் எவரும் இல்லை.

எஞ்சியவை அறிவு பெறும் வழிகளான பிரமாணங்களே. நியாய சாஸ்திரத்தாராகிய நையாயிகர்கள் நான்கு சொல்வார்கள். அவற்றுள் தலையாயதான பிரத்தியட்சம் இங்கே செல்லாது. அறையைக் கண்ணால் பார்க்கிற நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டிருக்கும். அடுத்தது அனுமானம். மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு என்பது தார்க்கிகர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதிவரும் உதாரணம். அவர்கள் கொடைக்கானல் போனவர்களாகத் தோன்றவில்லை. அங்கே மலையில் புகைபோல் எழுவது மூடுபனி. அதைக் கண்டு நெருப்பை அனுமானித்து, நெருப்பிலிருந்து வெந்நீரை அனுமானித்து, எண்ணெய் தேய்த்த பிள்ளையைக் குழாயடியில் நிறுத்தியவன் படும் பாட்டை, நியாய சூத்திரம் செய்த கௌதம முனிவர் அறியார்.

சப்தப் பிரமாணம் என்பது ஆப்த வாக்கியம், அதாவது நம்பத்தக்கவர் சொல். என் சகலையைவிட ஆப்தர் எனக்கு இல்லை. ‘பிரமாதமான இடம், கண்ணை மூடிக்கொண்டு போகலாம்’ என்று அவர் சொன்ன விடுதிக்கு அவர் போனது கல்யாணமான புதிதில் என்பதும், அப்போது அவர் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பார் என்பதும் பின்னர்தான் எனக்கு உறைத்தது. விடுதிக்காரரின் சொல்லோ மீமாம்சகர் வேதத்துக்குச் செய்வதுபோல் வாக்கியம் வாக்கியமாகப் பொருள் செய்யப்பட வேண்டியது. ‘24 மணி நேரமும் வெந்நீர்’ என்பதில் 24 மணி நேரம் என்பது குழாயைத் திறந்தபின் காத்திருக்கும் கால அளவைக் குறிக்கலாம். ‘லேக் வியூ’ என்பதற்கு அறையிலிருந்து ஏரி தெரியும் என்பது ஒரு பொருள். ஏரிக்கரையிலிருந்து அறை தெரியும் என்பது இன்னொரு பொருள். எமக்கு வாய்த்தது இரண்டாவது.

நையாயிகரோடு நின்றிருந்தால் என் ஆராய்ச்சி அங்கேயே முடங்கியிருக்கும். பாட்ட மீமாம்சகர்களும் அத்வைதிகளும் ஆறாவதாக அனுபலப்தி என்று ஒரு பிரமாணம் வைத்திருக்கிறார்கள்: மேசைமேல் பானை இல்லை என்பதை, பானையைக் காணாமையாலேயே அறிகிறோம் அல்லவா, அது. விடுதி நிர்ணயத்தில் இதற்கு நிகரான கருவி வேறில்லை என்பது என் முடிந்த அபிப்பிராயம். ஒரு விடுதி தன்னைப் பற்றி 18 புகைப்படங்கள் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜாடிக்கு மூன்று, வரவேற்பு மேஜைக்கு நான்கு, அன்னப்பட்சியாக முறுக்கி வைத்த துண்டுக்கு ஒன்று, சூரியாஸ்தமனத்துக்கு இரண்டு என்று அவை விரியும். குளியலறை எங்கும் இராது. சாதாரண மனிதன் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்து பணம் கட்டிவிடுகிறான். அனுபலப்தியில் தேர்ந்தவனோ, பதினெட்டிலும் வராத மாடிப்படியின் செங்குத்தையும், ஜன்னலுக்கு வெளியே உள்ள சுவரையும், பக்கெட் இருந்து மக் இல்லாத நிலையையும் உள்ளது உள்ளபடி தரிசித்துவிடுகிறான். இந்த முறையில் நான் பத்தொன்பது விடுதிகளைக் கழித்து ஒன்றை எடுத்தேன். தாம்பரத்தில் இரவு ரயிலேறி, விடியலில் கொடைக்கானல் ரோட்டில் இறங்கி, அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் மலைப்பாதையில், மகன் ஒருமுறையும் மகள் இருமுறையும் வாந்தியெடுக்க, அந்த அறையை அடைந்தோம்.

அங்கேதான், இரண்டு மாதம் கட்டிய என் சித்தாந்தம் இரண்டு நிமிஷத்தில் நிலைகுலைந்தது.

கதவைத் திறந்ததும் மகள் அண்ணாந்து பார்த்தாள். “அப்பா, ஃபேன் எங்கே?” என்றாள். கூரையில் ஃபேன் இல்லாத ஓர் அறையை, மே மாதத்தில், சேலையூர்க் குழந்தை பார்ப்பதென்பது நாம் சந்திரன் இல்லாத வானத்தைப் பார்ப்பதைப் போன்றதன்று. வானமே இல்லாததைப் பார்ப்பது போன்றது. கட்டிலில் ஏறி நின்று கொக்கியாவது இருக்கிறதா என்று இருவரும் தேடினார்கள். தேடும்போது கட்டில் குதிப்பதற்கு ஏற்றது என்று தெரிந்துவிட்டதால், அரைமணி நேரம் அந்த ஆராய்ச்சி நடந்தது. அதன்பின் மகன் தலைமாட்டில் இருந்த தொலைபேசியைக் கண்டான். கம்பி சுற்றிய தொலைபேசி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. 9 என்ற எண்ணை அழுத்தினால் கீழே ஒரு மனிதர் எடுத்து ‘சொல்லுங்க சார்’ என்பார் என்று அறிந்த கணத்தில் அவன் முகத்தில் தோன்றிய ஒளியை நான் அவன் பரீட்சையில் தேறிய நாளிலும் கண்டதில்லை. அன்று அந்த மனிதர் பதினோரு முறை ‘சொல்லுங்க சார்’ என்றார். லெவிஞ்சு துரை அரும்பாடுபட்டு உண்டாக்கிய ஏரியை என் மக்கள் பத்து நிமிஷம் பார்த்தார்கள், பதினோராவது நிமிஷத்தில், “ரூமுக்குப் போகலாமா?” என்றார்கள்.

இரவில் இன்னொரு சங்கதி நடந்தது. பசுவைப் போன்றது காட்டாவு என்று கேள்விப்பட்டவன், காட்டில் அதைக் கண்டதும் இதுதான் அது என்று அறிவது, நையாயிகரின் நான்கில் எஞ்சிய உபமானப் பிரமாணம். விடுதி வாசலில், தெருவிளக்கின் கீழ், சுவர்போல் ஒரு காட்டுமாடு வந்து நின்றது. அந்த ஊரில் அது அபூர்வமன்று. நியாய சாஸ்திரத்தின் அந்த உதாரணம் உயிரோடு மூச்சுவிடுவதைக் கண்டு நான் ஜன்னலருகில் மெய்மறந்து நிற்க, மகள் எட்டிப் பார்த்து, “கேம்ப் ரோடு மாடு மாதிரியே இருக்கு” என்று உபமானத்தை முடித்துவைத்துவிட்டு, தொலைபேசியில் 9ஐ அழுத்தி அந்த மனிதருக்கு மாடு வந்த செய்தியைத் தெரிவித்தாள்.

படுக்கை விஷயத்தை விரிக்க மாட்டேன். கொடைக்கானலுக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் விதித்தது. 2025 கோடைக்கு, சாதாரண நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று வாகனங்களின் எண்ணிக்கையையும் வரையறுத்தது. ஒரு டபுள் பெட்டில் எத்தனை பேர் நுழையலாம் என்று எவரும் வரையறுக்கவில்லை. எக்ஸ்ட்ரா பெட்டுக்குப் பணம் கட்டியும், பிள்ளைகள் இருவரும் கட்டிலுக்கே வந்தார்கள். மகள் கடிகார முள்ளைப்போல் சுழன்று உறங்குபவள். 10 மணிக்கு வடக்கே இருந்த தலை 2 மணிக்குத் தெற்கே இருந்தது, கால் என் மூக்கில் இருந்தது. எக்ஸ்ட்ரா பெட்டில் நான் படுத்தேன்.

பெரியவர்கள் ஊரைப் பார்க்கப் போகிறார்கள், குழந்தைகள் அறையைப் பார்க்கப் போகிறார்கள் என்பதே எனக்குத் தேறிய சித்தாந்தம். இதை ஒப்புக்கொண்டால் ஒரு விபரீதமான கிளைமுடிவும் தவிர்க்க முடியாததாகிறது: அறையே யாத்திரையின் பயனென்றால், 80 கிலோமீட்டர் மலையும் மூன்று வாந்தியும் எதற்கு? கட்டிலும் தொலைபேசியும் மேற்குத் தாம்பரத்திலும் உண்டு. மனைவி இதை என் அலுப்பின் விளைவு என்றாள். நான் விஞ்ஞான நோக்கம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, சோதனை நிமித்தமாக ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜில் போய் இறங்கினேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து வைத்துக்கொண்டு, என் ஆதார் அட்டையை வாங்கி, முகவரியை இருமுறை படித்தார்.

“சேலையூரா சார்?”

“ஆமாம்.”

“லோக்கலுக்கு ரூம் குடுக்கிறதில்லையே.”

மகள் மேஜை விளிம்பைப் பிடித்து எம்பினாள். “அங்கிள், உங்க ரூம்ல ஃபோன் இருக்கா? ஒம்பது அமுக்கினா நீங்க எடுப்பீங்களா?”

“எடுப்பேன் பாப்பா” என்றார் அவர், சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டியபடி.