ஃபிளெக்ஸ் அடிக்காதே, மருமகனே

வா மருமகனே, உக்காரு. அந்தப் போனைக் கவுத்து வச்சுட்டு உக்காரு.

மேலத்தெருக் கொத்தனார் சாரத்துல இருந்து விழுந்து இடுப்பெலும்பை ஒடிச்சுக்கிட்டுப் பெரியாஸ்பத்திரியில கெடக்கான். வீட்டுல பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, கண்ணுல புரை விழுந்த ஆத்தா. அதுக்காக நீ வாட்சப்புல குரூப்பு ஆரம்பிச்சு, மூத்த பிள்ளை அழுகுற படத்தைப் போட்டு, கீழ ஜிபே நம்பரையும் போட்டிருக்கியாம். முக்குல ஃபிளெக்ஸ் வேற அடிக்கப் போறியாம். அதுல கொத்தனார் படம் தபால்தலை அளவு, உன் படம் ஆளுயரம்னு பிரஸ்காரன் சொல்லிச் சொல்லிச் சிரிக்கான்.

நல்ல மனசுதான். உங்க அப்பன் வழியில வந்திருக்காது, எங்க அக்கா வழியில வந்திருக்கும். எவ்வளவு சேந்துச்சு? கும்புடுற பொம்மை நூத்துக்கு மேல, அழுகுற பொம்மை அம்பது, ரூபா முந்நூத்தம்பது. அதுலயும் இருநூறு உங்கம்மா போட்டது.

நான் தப்புச் சொல்லலை. ஆனா அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்ல? வாத்தியார்ல இருந்து சத்துணவு ஆயா வரைக்கும் அது மூக்கு ஒழுக அழுகுற படத்தைப் பாத்திருப்பாங்க. பின்னால பொண்ணு கேட்டு வாரவனும் பாப்பான். முந்நூத்தம்பது ரூபாய்க்கு அந்தப் பிள்ளை கொடுத்த விலை அது. மொதல்ல படத்தை எடு. எடுத்துட்டியா? குரூப்புல இருந்து மட்டும் எடுத்தாப் போதாது, உன் ஸ்டேட்டஸ்ல இருந்தும் எடு. ம். இப்பப் பேசலாம்.

"உதவி பண்ணுங்க"ன்னு பொத்தாம்பொதுவாக் கேட்டா "பாத்துக்கலாம்"னு பொத்தாம்பொதுவாத்தான் பதில் வரும். என்ன வேணும்னு உனக்கே தெரியாது. அரிசி மூட்டை ஒண்ணு எறக்கலாம்னு நெனச்சிருப்பே. ஊர்ல எல்லாரும் அதைத்தான் நெனச்சிருக்காங்க. அவன் விழுந்த மறுநாளே அந்த வீட்டுல மூட்டை மூட்டையா அரிசி சேந்துபோச்சு. ரேசன்ல அரிசி 2011-ல இருந்து இனாம். பிள்ளைங்களுக்குக் காலையில பள்ளிக்கூடத்துல பொங்கலோ உப்புமாவோ, மத்தியானம் முட்டையோட சோறு. பொம்பளையாளுக்கு டவுன் பஸ்ல 2021-ல இருந்து டிக்கெட் கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போக வரச் செலவில்லை. அப்ப ஓட்டை எங்க இருக்கு? அதைச் சொல்லு பாப்போம்.

தெரியாது. உனக்கு எப்பிடித் தெரியும்? வாசல்ல நின்னு "என்னக்கா வேணும்"னு கேட்டிருப்பே. அவ "ஒண்ணும் வேண்டாம் தம்பி"ன்னிருப்பா. மானமுள்ளவ வேற என்ன சொல்லுவா? உங்க அத்தையை அனுப்பினேன். முருங்கைக்கீரை கேக்கப் போற மாதிரிப் போனா. நேரா அடுப்படிக்குள்ள போயி, எண்ணெய் டப்பாவைச் சாய்ச்சுப் பாத்து, சிலிண்டரைத் தூக்கிப் பாத்து, கிழவிக்கு என்ன மாத்திரைன்னு அட்டையைத் திருப்பிப் பாத்து, கீரையோட சேத்துக் கணக்கையும் கொண்டுவந்துட்டா. சென்சஸ்காரன் தோத்தான் போ.

கணக்கு என்னன்னா, அரிசி இருக்கு, அதுக்கு மேல ஊத்த ஒண்ணுமில்லை. பருப்பு, எண்ணெய், சிலிண்டர். பள்ளிக்கூடம் இல்லாத சனி, ஞாயிறுதான் அந்த வீட்டுக்குக் கண்டம். ஆஸ்பத்திரியில கூட இருக்கிறவளுக்கு டீத்தண்ணிக்கும் இட்லிக்கும் காசு. இது எல்லாத்தையும் முழுங்குற மாதிரி ஒண்ணு இருக்கு, குழுக் கடன். செவ்வாய்க்கிழமை விடிஞ்சும் விடியாம மோட்டார் சைக்கிள்ல பையோட வந்து எறங்குறானே ஒரு தம்பி, அதுதான். இவ கட்டலைன்னா குழுவுல இருக்கிற மத்த பொம்பளைங்க தலையில விழும். அதனால நேத்து வரைக்கும் குழம்பு கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியே இன்னைக்கு வசூல்காரியா மாறி நிக்கா. அரிசி மூட்டையைக் கடன்காரன்கிட்டக் கொடுக்க முடியுமா? ஊரு கொடுத்த அரிசியை அவ பாதி விலைக்கு வித்துத்தான் போன வாரத் தவணையைக் கட்டியிருக்கா. தெரியுமா உனக்கு? அதுக்குள்ள "அரிசியை விக்கிறா பாரு"ன்னு டீக்கடையில நாலு பேர் பேசியும் முடிச்சுட்டாங்க.

தர்மம் கேக்கப் போறதுக்கு முன்னாடி, வரவேண்டிய பாக்கி இருக்கான்னு பாரு மருமகனே. வேலையில அடிபட்டவனுக்கு முதலாளி நட்டஈடு கொடுக்கணும்னு வெள்ளைக்காரன் 1923-லயே சட்டம் போட்டுட்டான். காண்டிராக்டர் என்ன கொடுத்தான்? ஒரு கிலோ ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். ஆப்பிளுக்குக் கும்புடு போடு, கையோட நட்டஈட்டுப் பேச்சையும் எடு. "இந்தா பத்தாயிரம், இந்தப் பேப்பர்ல ஒரு கையெழுத்து"ன்னு அவன் ஆள் வரும்போது, அந்தப் பேப்பரை நீ வாங்கிப் படி. பி.ஏ. வரைக்கும் படிச்சிருக்கியே, ஒரு நாளாவது அது உபயோகப்படட்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துல கொத்தனார் பதிஞ்சிருக்கானா, அட்டையைப் புதுப்பிச்சிருக்கானா, அதையும் பாரு. வேலையில விழுந்து ஊனமானவனுக்கும் அதுல தொகை உண்டு, பிள்ளைங்க படிப்புக்கும் உண்டு. நம்ம ஆளுங்க அட்டையை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சுட்டு, அஞ்சு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கணும்கிறதைச் சாமியே பாத்துக்கும்னு விட்டுருவாங்க.

ஆஸ்பத்திரியில வைத்தியம் இனாம்தான். ஆனாலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கான்னு கேளு. வருசத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள வருமானம் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் நிக்கும். அட்டை இல்லைன்னா வி.ஏ.ஓ.கிட்ட வருமானத்துக்கு எழுதி வாங்கணும். அவரைப் பிடிக்கிறது எப்பிடின்னு என்னைக் கேக்காதே, அது தனி வித்தை.

மனுக் கொடுக்கணும்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசு. ஆனா உன்னை மாதிரி ஒரே மனுவுல வீடு, வேலை, கடன், கண்ணு, கம்மாய்க்கரை ரோடு எல்லாத்தையும் எழுதாதே. அது எல்லா இலாகாவுக்கும் போகும், எந்த இலாகாவுக்கும் சேராது. ஒரு பேப்பருக்கு ஒரு கோரிக்கை. ஆத்தாளுக்கு முதியோர் உதவித்தொகை, மாசம் 1,200. "மகன் இருக்கானே"ன்னு தள்ளிவிடப் பாப்பாங்க. மகன் எந்த லட்சணத்துல இருக்கான்கிறதுக்கு டாக்டர் சீட்டை வச்சுக் கொடு. பிள்ளைங்களுக்குத் தனி மனு. அப்பன் படுத்த படுக்கையாகி வீடு நொடிச்சுப்போனா, பிள்ளைக்கு மாசம் 4,000 கொடுக்க மிசன் வத்சல்யான்னு ஒரு திட்டம் இருக்கு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு கேட்டுப் போ. கொடுத்ததும் கொட்டிரும்னு சொல்லலை. கொடுக்காம கொட்டாது, அவ்வளவுதான். ரசீது நம்பரை வாங்காம நகராதே.

சர்க்கார் வண்டி மெதுவாத்தான் வரும். அதுவரைக்கும் தாங்குறதுக்குத்தான் ஊரு. ஊர்ல யாருகிட்ட எதைக் கேக்கணும்னு ஒரு வகை இருக்கு.

கீழக்கோயில்ல, அதான் மாதா கோயில்ல, வின்சென்ட் தே பால் சபைன்னு இருக்கு. ஞாயித்துக்கிழமைப் பூசை முடிஞ்சு உண்டி குலுக்குவாங்க, அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா வீட்டுக்கே போயிப் பாத்து வருவாங்க. அவ விபூதி பூசுறவளாச்சேன்னு யோசிக்காதே, அங்க பசியைத்தான் பாப்பாங்க. அந்தச் சபையை 1833-ல பாரீஸ்ல ஆரம்பிச்சவங்கள்ல பெரிய கை, பிரடெரிக் ஒசானாம்னு ஒரு காலேஜ் பையன். வயசு 20. உன்னை விட ரெண்டு வயசு சின்னவன். போன் இல்லாத காலம், அதனால வேலை நடந்திருக்கு.

பள்ளிவாசல் ஜமாத்துல பைத்துல்மால்னு பொது நிதி இருக்கு. ஜக்காத்துன்னு சேமிப்புல நூத்துக்கு ரெண்டரை எடுத்து வைக்கிறது அவங்க மார்க்கத்துல கடமை. அது அவங்க ஏழைகளுக்குன்னு முறை வச்சிருக்காங்க, அதுல போயிக் கை வைக்காதே. சதக்காங்கிற தர்மத்துக்கு அப்பிடி வேலி கிடையாது. வட்டியில்லாக் கைமாத்துக் கொடுக்கிற ஜமாத்தும் உண்டு. பள்ளிவாசலை நிர்வாகம் பண்ற முத்தவல்லிகிட்டத் தொழுகை முடிஞ்ச பிறகு ஓரமாப் போயிக் கேளு. வட்டின்னா அவருக்கே ஆகாது, குழுக் கடன் கதையைச் சொன்னா உன்னை விட அவருக்குக் கோவம் வரும்.

நம்ம சாமிக்கும் மனசு இருக்கு. திருச்செந்தூர், பழனியில நாள் முழுக்க அன்னதானம் நடக்குது. ஆனா பிள்ளைங்களையும் கிழவியையும் கூட்டிக்கிட்டு ஒரு வேளைச் சோத்துக்குத் திருச்செந்தூருக்கா போக முடியும்? உள்ளூர் அம்மன் கோயில் தர்மகர்த்தாவைப் பிடி. கொடைக்கு வானவேடிக்கை எவ்வளவு, கரகாட்டம் எவ்வளவுன்னு கணக்கு வாசிப்பார்ல, அப்பக் கேளு, "மாமா, இதுல சனி ஞாயிறு பருப்பு எங்கிட்டு இருக்கு"ன்னு. சிரிச்சுக்கிட்டே கேக்கணும். சண்டையாக் கேட்டா அடுத்த வருசம் உன் வீட்டு வரியை ரெட்டிப்பாக்கிருவார்.

டவுன்ல கோட்டுப் போட்ட சங்கத்துக்காரங்க இருக்காங்க. அவங்ககிட்டப் பருப்புக் கேக்காதே, பருப்பைப் படம் பிடிச்சா நல்லா விழாது. சக்கர நாற்காலி கேளு, தையல் மிசின் கேளு. ஒரு தையல் மிசினுக்குப் பன்னெண்டு பேர் கை வச்சு நிப்பாங்க, வாங்குறவ கை மட்டும் தெரியாது. பரவாயில்லை, மிசின் தைக்கும்ல. படத்துல அவளுக்குப் பதிலா நீ நில்லு. உனக்கும் ஆசை, அவளுக்கும் நிம்மதி.

படம்னதும் ஞாபகம் வருது. வள்ளலார் 1867-ல வடலூர்ல தருமச்சாலை கட்டி மூட்டுன அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையலை. வர்றவனோட சாதியைக் கேக்காம சோறு. அவரைப் படம் பிடிக்கப் போனப்ப உருவமே விழலைன்னு ஒரு கதை சொல்லுவாங்க. நெசமோ பொய்யோ, அடுப்பு மட்டும் எரியுது. உன் படம் நல்லா விழுது மருமகனே, அதான் எனக்குக் கொஞ்சம் விசனமா இருக்கு.

கிழவி கண்ணுக்கு யாரு காலையும் பிடிக்க வேண்டாம். மதுரையில டாக்டர் வெங்கடசாமி ரிட்டையர் ஆன பிறகு 1976-ல 11 படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் ஆஸ்பத்திரி, ஊர் ஊரா முகாம் போடுது. புரைன்னு தெரிஞ்சா அவங்களே வண்டியில கூட்டிப்போயி, ஆபரேசன் பண்ணி, சோறும் போட்டு அனுப்புவாங்க. கிழவியை முகாமுக்குக் கெளப்புறதுதான் பாடு. "இந்த வயசுல எனக்கென்ன பார்வை"ம்பா. கண்ணு தெரிஞ்சா மருமக சமையல்ல குத்தம் கண்டுபிடிக்கலாம்னு சொல்லிப் பாரு, முந்தி வந்து வண்டியில ஏறிருவா.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி வீட்டைத் தேடி ஈயும் வரும், கழுகும் வரும். "டிரஸ்ட்ல ஒரு லட்சம் வாங்கித் தாரேன், மொதல்ல ரெண்டாயிரம் கட்டுங்க"ன்னு எவனாவது சொன்னா, ஆதாரையும் ஓ.டி.பி.யையும் கேட்டா, அவனை என்கிட்டக் கூட்டிவா. எனக்கும் பொழுது போகணும்ல.

இப்ப உன் முந்நூத்தம்பதுக்கு வருவோம். அதை அவ கையில கொடுக்காதே. கொடுத்தா கும்புட வேண்டியிருக்கும். பருப்பு, எண்ணெய் வாங்குற அண்ணாச்சி கடையில அவளுக்குப் பற்று நோட்டு இருக்கு. அண்ணாச்சிகிட்டப் போயி அந்தப் பேர்ல வரவு வைக்கச் சொல்லு. அவ கடைக்கு வந்தா "உங்க கணக்குல இன்னும் இருக்கும்மா, எடுத்துக்கோங்க"ன்னு அவர் சொல்லுவார். யாரு போட்டதுன்னு கேட்டா "நோட்டுல அழிஞ்சுபோச்சு"ன்னு சொல்லுவார். அண்ணாச்சிக்கு அழிக்கத் தெரியும், அதைப் பத்தி நீ கவலைப்படாதே. மருந்துக் கடையிலயும் இப்பிடியே ஒரு நோட்டுப் போடு. அந்தக் காலத்துல விருதுநகர்ல வியாபாரிங்க மகமைன்னு வியாபாரத்துல ஒரு பங்கு எடுத்தும், வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கியும் பள்ளிக்கூடமே நடத்தியிருக்காங்க. காமராசர் அங்க படிச்சவர்தான். எந்தப் பிடி எந்த வீட்டு அரிசின்னு சோத்துல தெரியவா செய்யும்?

மாசாமாசம் யாரு போடுறதுங்கிற கேள்வி வரும். உன் குரூப்பு இருக்குல்ல, அதுல கும்புடு பொம்மை போட்டவங்க பேரை எல்லாம் எழுது. ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு சாமானை ஒப்படை. நீ எண்ணெய், அவன் பருப்பு, இன்னொருத்தன் சிலிண்டர். "நூறு ரூபா கொடு"ன்னா கை வராது. "மாசம் ஒரு லிட்டர் எண்ணெய் உன் பொறுப்பு"ன்னா, விட்டுட்டா தன்னாலதான் அந்த வீட்டுல தாளிக்கலைன்னு உறுத்தும். பொம்மை போட்டு ஒதுங்குறவன் பேரையும் குறிச்சு வை. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நாமும் மொய்க்குப் பதிலா ஒரு பொம்மை அனுப்புவோம்.

கடைசியா அந்தக் குழுக் கடன். மைக்ரோ கடன் வசூல் பண்றவன் காலையில 9 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 6 மணிக்குப் பிறகும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022-லயே விதி போட்டிருக்கு. மிரட்டி வசூலிக்கக் கூடாதுன்னு நம்ம சட்டசபையிலயும் 2025-ல சட்டம் வந்தாச்சு. கடனைக் கட்டாதேன்னு நான் சொல்லலை. ஆள் எந்திரிக்கிற வரைக்கும் தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லி அந்தக் கம்பெனிக்கு ஒரு கடுதாசி, ஆஸ்பத்திரிச் சீட்டோட. அதை இப்பவே எழுது, இங்கிலீசுல எழுது, பெருசா எழுது.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. காலையில ஆறரைக்கெல்லாம் போயி அவங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கோ. சண்டை போடாதே, வாயே தெறக்காதே. கையில ஒரு கடியாரம் மட்டும் கட்டிக்கோ. அந்தத் தம்பி வந்து நின்னான்னா கடியாரத்தை ஒரு தடவை பாரு, அவன் மூஞ்சியை ஒரு தடவை பாரு. ஆறடி வளந்து வச்சிருக்கியே, வேற எதுக்குத்தான் ஆகப்போகுது?