பழசில் கட்டு, புதுசில் ஓட்டு

கே: எங்கள் சி.என்.சி. மெஷினில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான். ஐ.டி. பிரிவுப் பசங்க பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
- பராமரிப்புப் பிரிவு ஊழியர், ஒரகடம்

ப: 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைகழுவிவிட்டது. அந்தச் சேதியை ஸ்பிண்டிலுக்கு யாரும் சொல்லவில்லை போல. அது பாட்டுக்குச் சுற்றுகிறது. இருபது வருஷம் உழைக்க வேண்டிய மெஷினுக்குள் அத்தனை ஆயுள் இல்லாத ஓ.எஸ்.ஸை வைத்து விற்றார்களே, சிரிக்க வேண்டியது அங்கே. அடுத்த முறை சிரித்தால், புது கன்ட்ரோலருக்குக் கொட்டேஷன் வாங்கி அவர்கள் கையில் கொடுங்கள்.

கே: அதே மாதிரி மெஷினில் புது பைத்தான் ஓட மறுக்கிறது. சோர்ஸ்தான் கிடைக்கிறதே, எக்ஸ்பிக்கு நாமே கம்பைல் பண்ணிக்கொண்டால்?
- டிப்ளமோ டிரெய்னி, வல்லம்

ப: கம்பைல் ஆனாலும் ஆகிவிடும். கிளிக் செய்தால்தான், ‘இன்ன ஃபங்ஷனைக் காணோம்’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கும்.

ஓர் உதாரணம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணி எவ்வளவு நேரமாயிற்று என்று விண்டோஸிடம் கேட்க ஒரு பழைய ஃபங்ஷன் உண்டு. 32 பிட்டில் மில்லி செகண்டாக எண்ணும், 49.7 நாளில் நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆபீஸ் கம்ப்யூட்டரை யாரும் அத்தனை நாள் அணைக்காமல் வைப்பதில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் உங்கள் மெஷினுக்கு இது நிஜமான தலைவலி. இதைத் தீர்க்கத்தான் 64 பிட்டில் எண்ணும் ஃபங்ஷன் விஸ்டாவோடு வந்தது. புரோகிராம் எழுதுகிறவர் நல்லதைத்தானே எடுப்பார்? எக்ஸ்பியில் அது கிடையாது. உங்களுக்காகவே செய்தது போன்ற திருத்தம் உங்களையே வெளியே தள்ளுகிறது!

இப்படி எத்தனை இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றிரண்டு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், மாற்றி எழுதிவிடலாம். நூறு என்றால் கல்யாணம் தள்ளிப்போகும். பைத்தானில் எக்ஸ்பிக்குக் கடைசி 3.4, விண்டோஸ் 7-க்குக் கடைசி 3.8. மைக்ரோசாஃப்ட் கைவிட்டதை நாங்களும் சுமக்க மாட்டோம் என்பது பைத்தான்காரர்கள் எழுதியே வைத்திருக்கும் விதி. என்னைக் கேட்டால், எக்ஸ்பியைத் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியை வைத்து, சீரியல் போர்ட்டிலோ மாட்பஸ்ஸிலோ டேட்டாவை வாங்குங்கள். மாட்பஸ் 1979-இல் பிறந்தது. எதிரே இருப்பவரின் வயதைக் கேட்காது.

கே: லினக்ஸ் மட்டும் என்ன யோக்கியம்? என் உபுண்டுவில் கட்டியதை லைனில் இருக்கும் சென்ட்ஓஎஸ் 7-இல் போட்டால், ‘ஜிலிப்சி 2.28 இல்லை’ என்கிறது.
- சாஃப்ட்வேர் இன்ஜினியர், மாத்தூர்

ப: நியாயம்தானே, அதனிடம் இருப்பது 2.17. பழைய ஜிலிப்சியில் கட்டியது புதியதில் ஓடும், தலைகீழாக நடக்காது. எனவே உங்களிடம் இருப்பதிலேயே கிழட்டு சிஸ்டம் எதுவோ, அதில் கட்டுங்கள். நிஜ மெஷின் வேண்டாம், கன்டெய்னர் போதும். பைத்தான் உலகம் ‘மெனிலினக்ஸ் 2014’ என்று பெயர் வைத்து இதையேதான் செய்தது. அடியில் இருப்பது சென்ட்ஓஎஸ் 7.

இரண்டு பள்ளங்கள் உண்டு. அதன் ஜிசிசி 4.8.5, புது சி++ எழுத்தைப் பார்த்தால் முகம் சுளிக்கும். ‘டெவ்டூல்செட்’ போட்டால் பழைய லைப்ரரி மேலேயே புது கம்பைலர் கிடைக்கும். இரண்டாவது, 2024 ஜூன் 30-ஓடு சென்ட்ஓஎஸ் 7 முடிந்துவிட்டது. யம் வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம், முகவரியை ‘வால்ட்’ கிடங்குக்கு மாற்றுங்கள்.

கே: பழைய ஓ.எஸ்.ஸை ஆதரிக்க மாட்டோம் என்று சொல்வது ஓபன் சோர்ஸ்காரர்களின் திமிர்தானே?
- படப்பை

ப: போன மாசம் அவர்களுக்கு எவ்வளவு சம்பளம் போட்டீர்கள்? ‘ஆதரவு’ என்றால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அந்தப் பழைய சிஸ்டத்தில் கட்டிப் பார்த்து, உடைந்தால் ஒட்டவைப்பது. ஷிப்டுக்கு லட்சங்களில் சம்பாதிக்கும் மெஷினுக்காக அதை ராத்திரியில் ஓசியில் செய்யச் சொல்வதற்கு எந்தப் பெயர் பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள். ரஸ்ட் மொழி 2024 மே மாதம் 1.78-இல் விண்டோஸ் 10-ஐக் குறைந்தபட்சமாக்கியது. ஆனால் விண்டோஸ் 7-க்குத் தனி டார்கெட் ஒன்றையும் மூன்றாம் தரத்தில் விட்டுவைத்தது: வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், உத்தரவாதம் கிடையாது. எனக்கு இது நேர்மையாகவே படுகிறது. உங்கள் கம்பெனி ஒரு ஆளைப் போடலாமே?

கே: எங்கள் மெஷினுக்கு இன்டர்நெட்டே இல்லை. வைரஸ் எப்படி வரும்?
- இருங்காட்டுக்கோட்டை

ப: 2017 மே 12 அன்று கிளம்பிய வானாக்ரை ஒரகடத்து ரெனோ-நிசான் ஆலையையும் எட்டிப்பார்த்ததே! ஒரு கம்ப்யூட்டருக்குள் புகுந்தால் போதும், உள் நெட்வொர்க் வழியே அடுத்ததற்குத் தானே தாவும். இதில் வேடிக்கை, மாட்டியவை பெரும்பாலும் அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. மருந்து மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, போடத்தான் ஆள் இல்லை. பழைய மெஷின்களைத் தனி நெட்வொர்க்கில் பிரித்து வையுங்கள். பாட்டு கேட்கும் பென் டிரைவையும் பாக்கெட்டிலேயே வையுங்கள்.

கே: அரசு கொடுத்த லேப்டாப்பை ஹாஸ்டலில் வைத்திருக்கிறேன். தேறுமா?
- ஸ்ரீபெரும்புதூர்

ப: 2011-இல் தொடங்கிய திட்டம், பல லேப்டாப்களில் விண்டோஸோடு சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்தவர்கள் கை தூக்குங்கள்! பாஸுக்கு அடிப்படை டெபியன். பிராசஸர் 64 பிட் என்றால் இன்றைய டெபியனே ஏறும். 32 பிட் என்றால் டெபியன் 12-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்; 2025 ஆகஸ்டில் வந்த 13, அந்த வகைக்கு இன்ஸ்டாலரே தருவதில்லை. சோர்ஸ் கட்டும்போது மெமரி போதாமல் நின்றால் ‘மேக்’கை ஒரே ஜாபில் ஓடவிட்டு, மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

கே: கன்ட்ரோலர் செத்துப்போன லேத் ஒன்று இருக்கிறது. லினக்ஸ்சிஎன்சி போட லேப்டாப் வாங்கலாமா?
- பட்டறை உரிமையாளர், வாலாஜாபாத்

ப: வேண்டாம். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று லேப்டாப் நடு நடுவே கண் அசரும். ஸ்டெப் பல்ஸ் தவறிப் பீஸ் வீணாகும். பேரலல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் சில சமயம் இதில் கில்லாடி. லினக்ஸ்சிஎன்சியிலேயே வரும் லேட்டன்சி டெஸ்டை ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கே: ஒருவழியாகப் பழைய சிஸ்டத்தில் கட்டி ஓட்டிவிட்டேன். இனி?
- அதே மாத்தூர் இன்ஜினியர்

ப: சோர்ஸ், அதற்கு வேண்டிய லைப்ரரிகள், கம்பைலர், கன்டெய்னர் எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் எடுத்து வையுங்கள். என்னென்ன ஆப்ஷன் கொடுத்துக் கட்டினீர்கள் என்று பேப்பரில் எழுதிப் பேனலுக்குள் ஒட்டுங்கள். நீங்கள் இன்கிரிமென்டுக்காகப் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவீர்கள். உங்கள் இடத்துக்கு வருபவர் எனக்கல்லவா கடிதம் போடுவார்!