கூதிர்கால ஒயின்: மயிலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னோடி ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மயிலம் வட்டாரத்தில் ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை ஒயின் குடிப்பவர் யார், எதைக் குடிக்கிறார், குடித்ததை ஏன் ஒப்புக்கொள்வதில்லை என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் இரண்டுக்கும் அதிகச் சிரமமின்றி விடை கிடைத்தது. மூன்றாவதற்குக் கிடைத்த விடையே அறிவுலகுக்கு இவ்வாய்வின் கொடை: இப்பகுதியில் ஒயின் என்பது குடிக்கணக்கில் சேராத குடி. இலக்கியம், தொல்லியல், தட்பவெப்பம், சுண்ணாம்பு, சட்டம், கிறிஸ்துமஸ் கேக் ஆகிய அறுவகைச் சான்றுகளால் இதை நிறுவுவோம்.

1. ஆய்வின் எல்லை

இட எல்லை: நடுவே மயிலம் குன்று, மேலே முருகன், கீழே பொம்மபுர ஆதீனமும் தமிழ்க் கல்லூரியும். வடக்கே திண்டிவனம், தெற்கே விழுப்புரம். கூட்டேரிப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் சாலை மயிலத்தைத் தொட்டுக்கொண்டு புதுச்சேரிக்குப் போகிறது. அந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் முருகனைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று ஆய்வாளர் முதலில் நம்பினார்.

கால எல்லை: மேனாட்டார் இலை உதிரும் பருவத்தில் ஒயினைத் திறப்பர். இங்கே அந்த மாதங்களில் உதிர்வது மழைதான். இலை புதிதாகத் துளிர்க்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையாகிய கூதிரையும் மார்கழி, தையாகிய முன்பனியையும் எடுத்துக்கொண்டோம். தீபாவளி, கார்த்திகை தீபம், அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் எல்லாம் இதற்குள் அடக்கம்.

2. இலக்கியச் சான்று

குளிர்காலக் குடிக்கு நமக்குள்ள மிகத் தெளிவான ஆவணம் நக்கீரரின் நெடுநல்வாடை. அரண்மனைக்குள் தலைவி துயருறுவதையும் பாசறையில் அரசன் விழித்திருப்பதையும் உரையாசிரியர்கள் விரித்துரைத்தார்கள். தெருவில் நடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே முறுக்கேறிய உடம்புடைய ஆட்கள் தேறலை, அதாவது தெளிந்த மதுவை, குடித்து மகிழ்ந்து, தூறலைப் பொருட்படுத்தாமல், பொழுது போன பிறகும், ஆடையின் இரு முனையும் தொங்கத் தொங்க, நினைத்த பக்கமெல்லாம் திரிகிறார்கள். ஆடையின் முனை தொங்குவதுவரை புலவர் கவனித்திருக்கிறார். தீபாவளிக்கு மறுநாள் இரவு பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

அடுத்த சான்று உள்ளூர்ச் சான்று. நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அவன் தலைநகராகிய கிடங்கில்தான் இன்று திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கும் கிடங்கல். எயிற்பட்டினம் மரக்காணத்துக் கரை என்பர் அறிஞர். அங்கே போகும் பாணர்களுக்கு, அலை ஒதுக்கிய அகில் கட்டைகளில் தீமூட்டி, நுளையர் மகள் அரித்தெடுத்த நாள்பட்ட தேறலைப் பரதவர் ஊட்டுவர். தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன். இதிலிருந்து இரண்டு முடிவுகள். ஒன்று, 'சைடு டிஷ்' என்னும் நிறுவனம் இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டு பழமையுடையது. இரண்டு, அரிப்பவள் பெண், குடிப்பவர் ஆண். இந்த இரண்டாம் முடிவை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும். ஏழாம் பகுதியில் வேண்டியிருக்கும்.

தேறல் ஏன் நாள்பட்டதாக இருக்க வேண்டும்? விழுப்புரம் மாவட்டத்துப் பனை பாளை விடுவது தை, மாசியில்; சீவும் பருவம் கோடை முடிய நீளும். கூதிரில் பனை ஓய்வெடுக்கிறது. மழையில் திரிந்த ஆட்கள் குடித்தது போன கோடையின் சரக்காகவே இருக்க வேண்டும். தேறல் நெல்லிலிருந்து இறக்கியது என்பார் ஒருசாரார். தேனிலிருந்து என்பார் வேறுசாரார். தென்னை ஆண்டு முழுதும் பாளை விடுமே என்போரும் உளர். அவர்களையெல்லாம் அடுத்த கட்டுரையில் கவனிப்போம்.

3. தொல்லியல் சான்று

மயிலத்திலிருந்து புதுச்சேரிச் சாலையைப் பிடித்து, ஊரைத் தாண்டி, அரியாங்குப்பம் ஆற்றங்கரைக்குப் போனால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போராச் சாடிகளின் ஓடுகள் வந்தன. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் மீண்டும் தோண்டினார்கள். கிரேக்கத் தீவான கோஸிலிருந்து வந்த ஒயின் சாடி வகை அவற்றுள் முக்கியமானது. இரட்டைக் குழல் சேர்த்தாற்போன்ற கைப்பிடியால் அதை அடையாளம் காண்பார்கள்.

கோஸ் ஒயினின் சிறப்பு, அதில் கடல்நீர் கலப்பது. கெடாமல் இருக்கும், குடிப்பவருக்கும் புதுச்சுவை. கடல் கடந்து வந்த பொருளில் கடலையே கலந்து விற்ற வணிகனின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியாது. தண்ணீர் கலப்பதற்கே இன்று நாம் எவ்வளவு சண்டை போடுகிறோம்.

இதை யார் குடித்தார்கள்? யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர, நீ குடித்து மகிழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. பெரிபுளூஸ் என்னும் கடல்வழி நூலை எழுதிய கிரேக்க வணிகரோ, முசிறிக்குப் போகும் சரக்கில் ஒயின் உண்டு, அதிகமில்லை என்று குறித்தார். வந்தது கொஞ்சம், அதுவும் அரசனுக்கு. மற்றவர்கள் உள்ளூர்ச் சரக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். அரசன் குடித்தால் அது வாழ்த்துப் பா, மற்றவன் குடித்தால் அது கள்ளுண்ணாமை அதிகாரம். குடிக்கணக்கில் சேராத குடி என்னும் நம் கருதுகோளுக்கு முதல் தடயம் இங்கே கிடைக்கிறது.

4. வெப்பநிலைச் சான்று

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பருக வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அந்த அறை பிரான்சிலுள்ள கல்வீட்டு அறை. அதன் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. நம் பக்கத்து ஓட்டுவீட்டில் மே மாதம் இவ்விதியைப் பின்பற்றினால் கிடைப்பது கஷாயம். இங்கே வெப்பமானி 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியில், அதுவும் விடியற்காலையில். ஆகவே மயிலத்தில் விதி அதிகம் வழுவாமல் ஒயின் பருக உகந்த ஒரே வேளை மார்கழி அதிகாலை நாலரை மணி. அந்நேரத்தில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓடிக்கொண்டிருக்கும், பஜனைக் கூட்டம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருக்கும். அறிவியலும் பண்பாடும் மோதும் இவ்விடத்தில் பண்பாடே வெல்லும் என்பதால் இக்கருத்தை மேலும் வளர்க்கவில்லை.

5. சுண்ணாம்புச் சான்று

பனையேறி கட்டும் கலயத்தின் உட்புறத்தைச் சற்றே உற்றுப் பார்க்க வேண்டும். வெள்ளையாகச் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர். தடவவில்லையென்றால் அதே மரம், அதே பாளை, அதே இரவு, இறங்குவது கள். காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளாமல் சுண்ணாம்பின் காரம் தடுக்கிறது, அவ்வளவுதான். கூட்டேரிப்பட்டுச் சாலையோரம் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கு போட்டுக் குழந்தைக்கும் கொடுக்கலாம். கள்ளுக்கோ தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடை. அதே சாலையில் சில மைல் தள்ளிப் புதுச்சேரி எல்லைக்குள் போய்விட்டால் அதே கள்ளுக்கு ஏலம் எடுத்த கடை. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க இவ்வட்டாரத்தில் இரண்டே கோடுகள்: கலயத்துக்குள் சுண்ணாம்புக் கோடு, சாலையில் மாநில எல்லைக் கோடு.

சுண்ணாம்பு என்றதும் மண்டகப்பட்டு நினைவுக்கு வர வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயில் அது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதை ஆக்கினேன் என்று அங்கே கல்வெட்டு வைத்தான். அதே மகேந்திரவர்மன்தான் மத்தவிலாசப் பிரகசனம் எழுதினான். காஞ்சியில் குடித்துவிட்டுத் திரியும் காபாலிகன் மதுக்கடையை வேள்விச் சாலையோடு ஒப்பிட்டு, மதுவே சோமம், குடிகாரரே வேதியர் என்று பொருத்திக் காட்டும் அங்கத நாடகம். சுண்ணாம்பை விலக்கிய அரசனுக்குப் புளிப்பேறிய கற்பனை வந்ததில் பனையேறிகளுக்கு வியப்பிருக்காது.

6. சட்டச் சான்று

சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது 1937 அக்டோபர் 1. கள்ளுத் தடை ஜனவரி 1. டாஸ்மாக் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்தது 2003 நவம்பர் 29. மதுவைப் பற்றி அரசுக்கு யோசனை பிறப்பது மழையிலும் பனியிலும்தான் என்று இதிலிருந்து தெரிகிறது. மதுவிலக்கைத் தளர்த்திய 1971 ஆகஸ்ட் 30 இதற்குப் பொருந்தவில்லை. பொருந்தாததை விதிவிலக்கு என்று தள்ளுவது ஆய்வுமரபு.

பருவத்தின் கட்டமைப்பும் நுட்பமானது. தீபாவளியில் உச்சம். கார்த்திகை பிறந்ததும் பாதி ஊர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்ளும். நேற்றுவரை 'மச்சான்' என்று அழைத்தவனை இன்று 'சாமி' என்று அழைக்க வேண்டும். மாலை கழற்றியதும் பொங்கல். மாட்டுப் பொங்கலன்றோ திருவள்ளுவர் நாள், கடை மூடல். தைப்பூசத்துக்கு வள்ளலார் நினைவாக மூடல். குடியரசு நாளுக்கும் மூடல். பத்துக் குறளில் வள்ளுவர் சொல்லியும் கேட்காதவர்கள், அவர் பெயரால் கடையை மூடும்போது முந்தின நாளே வரிசையில் நின்று வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். முன்யோசனை வளர்வதும் அறத்தின் ஒரு பயனே.

அந்தக் கடைக்குப் பெயர் ஊர் வாயில் 'ஒயின்ஸ்'. போகிறவர் வாங்குவது பெரும்பாலும் பிராந்தி. ஒயின் அலமாரியின் ஓரத்தில் தூசியோடு நிற்கும். ஆக, ஒயினைத் தேடி அங்கே போய்ப் பயனில்லை. எங்கே போக வேண்டும்?

7. களஆய்வு

திண்டிவனத்தில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வீட்டுக்கு. கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு அங்கே வேலை தொடங்கிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கறுத்த பன்னீர் திராட்சை ஒரு கிலோவைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் மசித்து, ஊறுகாய்க்கு வைத்திருந்த பீங்கான் ஜாடியில் போடுகிறார். அதே எடைக்குச் சர்க்கரை, கொதித்து ஆறிய தண்ணீர் இரண்டு லிட்டர், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, ஒரு கரண்டி ஈஸ்ட். வாயை வெள்ளைத் துணியால் வேடுகட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். தினமும் காய்ந்த மரக்கரண்டியால் ஒரு கிளறு. காதை வைத்துக் கேட்டால் உள்ளே மெல்லிய இரைச்சல். மூன்று வாரம் கழித்துத் துணியில் வடிகட்டி, மண்டி தங்க விட்டு, சர்க்கரையைக் கருக்கி நிறத்துக்குச் சேர்த்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும்.

நேர்காணலின் முக்கியப் பகுதி:

"டீச்சர், இது ஒயினா?"

"ஒயின்தாம்பா. வருஷா வருஷம் போடறதுதான்."

"அப்ப ஏறுமா?"

"சீ! வீட்ல செஞ்சது எப்படிப்பா ஏறும்? திராட்சை உடம்புக்கு நல்லது. கேக்கு எடுத்துக்க."

சிறிய எவர்சில்வர் டம்ளரில் அரை டம்ளர். அருகில் சாய்வு நாற்காலியில் டீச்சரம்மாவின் கணவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு பிரஷர், அதனால் அசதி என்று விளக்கம் தரப்பட்டது. அவர் பக்கத்தில் இருந்த டம்ளர் நம்முடையதைவிடப் பெரிது. டீச்சரம்மா ஒரு சொட்டும் குடிக்கவில்லை. வடிகட்டும்போது பதம் பார்த்ததோடு சரி. எயிற்பட்டினத்து நுளைமகளின் தொழில்முறை இங்கே மாறாமல் தொடர்கிறது.

இப்போது கணக்கு. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை புளித்தால் 1 சதவீதம் ஆல்கஹால். டீச்சரம்மாவின் ஜாடியில் லிட்டருக்கு 300 கிராமுக்குக் குறையாது. ஈஸ்ட் 10 சதவீதத்தைத் தாண்டியதும் களைத்துப்போய், மிச்சச் சர்க்கரையை இனிப்பாக விட்டுவிடும். என்றாலும் அந்த டம்ளர் கடையில் விற்கும் பீரைவிட வலியது. பீர் குடிக்கிற மருமகனோடு, குடிகாரன் என்று சொல்லி, டீச்சரம்மா இரண்டு வருடமாகப் பேசாமல் இருக்கிறார். வீட்டில் இப்படிப் புளிக்கவைப்பது குறித்து மதுவிலக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆய்வாளர் கேட்கவில்லை. கேக் அருமையாக இருந்தது.

ஓரிடத்தில் மட்டும் இவ்வாய்வு தன் கிண்டலை நிறுத்திக்கொள்கிறது. அதே மரக்காணம் பக்கம், எக்கியார்குப்பத்தில், 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. புளிப்பது வேறு, தொழிற்சாலை நஞ்சு வேறு. ஏழை குடித்தால் கணக்கில் சேர்கிறது. சில நேரம் இறப்புக் கணக்கில்.

8. முடிவுகள்

அ) பொற்கிண்ணத்தில் குடித்தால் மரபு, எவர்சில்வர் டம்ளரில் கேக்கோடு குடித்தால் பண்டிகை, பிளாஸ்டிக் கப்பில் குடித்தால் குடி. பானத்தின் வலிமைக்கும் பழிக்கும் தொடர்பில்லை, பாத்திரத்துக்கே தொடர்பு.

ஆ) வடிகட்டுபவர் எக்காலத்திலும் குடிப்பவராகக் கருதப்படுவதில்லை.

இ) பழமையே பெருமை என்று ஒயினைப் புகழ்வோர் மயிலத்துக்கு அருகிலுள்ள திருவக்கரைக்கு ஒருமுறை போய், கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்து வரலாம். சுமார் இரண்டு கோடி ஆண்டு ஊறியும் அவை யாரையும் தள்ளாட வைக்கவில்லை.

9. பரிந்துரைகள்

மேலாய்வு மிகவும் தேவை. இந்த ஆண்டு ஜாடி ஒன்றுதான் ஆராயப்பட்டது. அடுத்த ஆண்டு தெருவுக்கு ஒன்று என்று மாதிரிகளைக் கூட்ட வேண்டும். ஆய்வாளர் கார்த்திகையில் மாலை போட்டிருக்கக் கூடாது என்பது தகுதி விதி. இதற்கான நிதிநல்கை விண்ணப்பம் தயாராகிவிட்டது. திராட்சை, சர்க்கரை, கோதுமை, பட்டை, கிராம்பு அனைத்தும் அதில் மளிகை என்ற தலைப்பிலும், ஜாடி பாத்திரம் என்ற தலைப்பிலும் காட்டப்பட்டுள்ளன. தணிக்கையாளர் கிறிஸ்துமஸுக்கு வந்தால் நேரில் விளக்கலாம் என்று டீச்சரம்மா சொல்லியிருக்கிறார்.